பழைய போஸ்ட் ஆபீஸ் அலமாரிக்குப் பின்னால் கிடைத்த கடிதங்கள்: என்ன செய்யலாம்?

சயான்_சங்கர்

எல்லோருக்கும் வணக்கம். யோசனை கேட்கத்தான் இந்த இழை.

நான் மும்பையில் உள்கட்டு வேலை காண்ட்ராக்ட் எடுப்பவன். மத்திய ரயில் பாதையை ஒட்டி ஒரு பழைய கட்டடம். கீழ்த்தளத்தில் ரொம்ப காலம் போஸ்ட் ஆபீஸ் வாடகைக்கு இருந்தது, பிறகு வேறு இடத்துக்குப் போய்விட்டது. இப்போது அந்த இடம் கிளினிக் ஆகிறது. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

சுவரோடு சேர்த்து அடித்த பெரிய தேக்கு அலமாரியை அங்கேயே விட்டுப் போயிருந்தார்கள். சின்னச் சின்னக் கட்டங்களாகத் தடுத்த, தபால் பிரிக்கிற அலமாரி. நேற்று ஆசாரி அதை நெம்பி எடுத்தபோது முதுகுப் பலகைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து கொத்தாகக் கடிதங்கள் சரிந்தன. இரண்டு கையிலும் அள்ளுகிற அளவு. பழைய பேப்பர் வாங்குகிற ரத்திக்காரனுக்குப் போகிற சாக்கில் அவர் போடுவதற்குள் நல்லவேளையாக நான் போய்ச் சேர்ந்தேன்.

இன்லேண்ட், கார்டு, உறை எல்லாம் கலந்து கிடக்கிறது. பெரும்பாலும் மராத்தி, குஜராத்தி, ஆங்கிலம். நாலைந்து நம் தமிழ். ஒன்றில் நீல மையில் கொழு கொழு எழுத்து: பெயர், அப்புறம் 'கேர் ஆப்' போட்டு ஒரு மளிகைக் கடைப் பெயர், அப்புறம் பம்பாய், பக்கத்தில் இரண்டு இலக்க எண். பின்கோடு கிடையாது. இன்னொன்று கல்யாணப் பத்திரிகை, நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது இன்னும் பழுப்பாகத் தெரிகிறது.

இவற்றை யாரிடம் கொடுப்பது? நானே தேடிக் கொடுக்கலாமா? பிரித்துப் பார்க்கலாமா?

டோம்பிவிலி_ராஜா

ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க பாஸ், முகவரி தெரிகிற மாதிரி. நம்ம வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் சுத்த விட்டா ரெண்டே நாள்ல ஆள் கிடைச்சிடும்.

கோளாறு எங்கன்னு எனக்குத் தெரியும். வேலை செய்யச் சோம்பேறித்தனப்பட்ட எவனோ ஒருத்தன் பின்னால தள்ளிவிட்டிருக்கான். 2018-ல ஒடிசாவுல நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? பத்ரக் மாவட்டத்துல ஓர் ஊர்ல போஸ்ட் ஆபீஸை இடம் மாத்தினாங்க. பழைய கட்டடத்துல விளையாடப் போன பள்ளிக்கூடப் பசங்க மூட்டை மூட்டையா தபாலைக் கண்டுபிடிச்சாங்க. சுமார் 6,000. 2004-லேர்ந்து சேர்ந்தது. ஏடிஎம் கார்டு, பாஸ்புக், வேலைக்கு வந்த ஆர்டர் எல்லாம் இருந்துச்சாம்.

ஆர்எம்எஸ்_தாத்தா

தம்பி சங்கர், முதல் வேலையாக ஒன்று: போட்டோ போடாதீர்கள்.

ரயில்வே மெயில் சர்வீஸில் சார்ட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டே தபால் பிரித்தவர்கள் நாங்கள். அதனால் ராஜா தம்பி சொன்னதற்குக் கொஞ்சம் கோபமாகவே பதில் சொல்கிறேன்.

ஒடிசா விஷயம் வேறு. அங்கே பதிவுத் தபாலும் ஸ்பீட் போஸ்ட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததாக அப்போதே செய்தியில் வந்தது. கேள்வி கேட்க ஆளுள்ள தபால் போனது, கணக்கில்லாத சாதாரணத் தபால் மூட்டையில் தூங்கியது. அது தெரிந்து செய்த வேலை. ஒளித்து வைப்பவன் மூட்டையாகத்தான் வைப்பான். பல வருஷத்துக் கடிதம், பல பாஷை, பல தெரு, அதிலும் இரண்டு கை அள்ளுகிற அளவு என்றால் அது வழுக்கி விழுந்தது.

அந்த அலமாரியைப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு பீட்டுக்கு, அதாவது ஒரு போஸ்ட்மேன் சுற்றுகிற பகுதிக்கு. பலகைகள் மழைக்காலத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். பத்துப் பதினைந்து வருஷத்தில் முதுகுப் பலகையில் ஒரு விரல் கீறல் விழுந்துவிடும். கட்டம் நிரம்பி வழிகிற தீபாவளி, பொங்கல் சமயத்தில் கடிதத்தைச் சற்று அழுத்திச் செருகினால் கடைசியில் இருப்பது பின்பக்கம் இறங்கிப்போகும். பிரிப்பவன் கையில் அடுத்த கட்டு வந்திருக்கும். யாருக்கும் தெரியாது. இன்லேண்ட் லெட்டர் மெல்லிசு என்பதால் அதுதான் அதிகம் விழும். உங்கள் கொத்தில் எது அதிகம் என்று பாருங்கள்.

சயான்_சங்கர்

ஐயா, பார்த்தேன். பாதிக்கு மேல் இன்லேண்ட். அதுவும் பசை இளகி ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருக்கிறது. ராமபாணப் பூச்சி ஓரத்தைத் தின்று, சில கார்டுகள் சல்லடை மாதிரி ஆகிவிட்டன.

தபால்தலைப்_பித்தன்

சங்கர், தயவுசெய்து ஒட்டியதைப் பிரிக்காதீர்கள்! வெயிலில் காயவைக்காதீர்கள், செல்லோடேப் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடாதீர்கள், வியர்த்துவிடும். சாதாரணக் காகித உறையில், மின்விசிறிக்குக் கீழே, பரப்பி வையுங்கள்.

உறைகளில் இருக்கிற தபால்தலைகளைக் கொஞ்சம் சொல்லுங்களேன். 5 பைசா அகதி நிவாரணத் தலை ஏதாவது தெரிகிறதா? பங்களாதேஷ் அகதிகளுக்காக 15 நவம்பர் 1971 முதல் 31 மார்ச் 1973 வரை கடிதத்துக்கு 5 பைசா கூடுதல் வரி இருந்தது. ஆரம்பத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின் மேலேயே அச்சுக் குத்தி விற்றார்கள், டிசம்பரிலிருந்து தனித் தலை வந்தது. அது இருந்தால் கடிதத்தின் வயசை ஊகிக்க முத்திரைகூட வேண்டாம்.

பின்கோடு இல்லாததும் ஒரு தடயம். பின்கோடு வந்தது 15 ஆகஸ்ட் 1972. அதற்கு முன்னால் பம்பாய்க்கு வட்ட எண்தான், அதாவது பட்டுவாடாப் பகுதியின் எண். மாட்டுங்கா பம்பாய்-19, தாராவி பம்பாய்-17. அதே எண்ணைக் கடைசியில் வைத்துத்தான் 400019, 400017 என்று ஆக்கினார்கள். ஆனால் ஜனங்கள் உடனே மாறவில்லை, ரொம்ப வருஷம் பழைய எண்ணையே எழுதினார்கள். ஆகவே பின்கோடு இல்லையென்றால் 72-க்கு முந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது.

தமிழ் முகவரி உறைகளைக் கொடுக்கிற எண்ணம் இருந்தால் நான் நல்ல விலை தருவேன். தனிச்செய்தியில் வாருங்கள்.

தொண்ணூறடி_செல்வி

விலையா? அது அவர் பொருளா விற்பதற்கு?

அந்த 'கேர் ஆப் மளிகைக் கடை' எங்கள் வீட்டு முகவரி மாதிரியே இருக்கிறது. எங்கள் ஆட்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் மண்டி வேலைக்கு வந்தவர்கள். கோலிக்கு, அதாவது நாங்கள் இருந்த அறைக்கு, நம்பர் கிடையாது, சந்துக்குப் பெயர் கிடையாது. ஊரிலிருந்து வரும் தபால் எல்லாம் கடைக்கு வரும். கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் குத்தி வைப்பார். சாயங்காலம் அரிசி வாங்கப் போகும்போது 'அண்ணாச்சி, நமக்கு ஏதும் வந்திருக்கா'ன்னு கேட்டு வாங்கி வருவோம். கடை கை மாறினால் அந்தத் தெருவே முகவரி இழந்த மாதிரி. போஸ்ட்மேன் வந்து கடை பூட்டியிருக்கிறதைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோவார்.

போட்டோ போடவே கூடாது என்று தாத்தா சொன்னதை நானும் சொல்கிறேன். ராஜா அண்ணே, கார்டில் எழுதியது ஊரே படிக்கிற சமாச்சாரம்தான், ஆனால் அன்றைக்குப் படிக்கிற ஊர் வேறு. இன்லேண்டுக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? கடன் இருக்கும். ஓடிப்போன பெண் பற்றி இருக்கும். இரண்டாவது குடும்பம் இருக்கும். அதை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டு, பேரப் பிள்ளைகள் வாசிக்க, 'பம்பாய்த் தமிழர் வரலாறு' என்று கைதட்டப் போகிறீர்களா?

டோம்பிவிலி_ராஜா

சரி சரி, போட்டோ வேண்டாம். ஆனா யாரும் படிக்கலைன்னா கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம்? வெளிநாட்டுல எல்லாம் இதை மியூசியத்துல வைக்கிறாங்க.

தபால்தலைப்_பித்தன்

செல்வி, விற்கச் சொன்னதை விடுங்கள். ராஜா கேட்டதற்கு வருகிறேன்.

நெதர்லாந்தில் டென் ஹாக் (தி ஹேக்) நகரத்துப் பெட்டி ஒன்று இருக்கிறது. 17-ம் நூற்றாண்டில் அங்கே தபால் நடத்திய தம்பதி சேர்த்து வைத்தது. 1689 முதல் 1706 வரை பட்டுவாடா ஆகாத சுமார் 2,600 கடிதங்கள். அதில் 600 பிரிக்கப்படவே இல்லை. அந்தக் காலத்தில் கடிதத்துக்குக் காசு கொடுப்பது பெறுகிறவர். ஆள் செத்திருப்பார், ஊரை விட்டுப் போயிருப்பார், வாங்க மறுத்திருப்பார். என்றைக்காவது வந்து காசு கொடுத்து வாங்குவார் என்று பெட்டியில் போட்டு வைத்தார்கள். 1926-ல் அது அருங்காட்சியகத்துக்கு வந்தது.

2021-ல் அதில் ஒரு கடிதத்தைப் பிரிக்காமலேயே படித்தார்கள். பல் ஆராய்ச்சிக்கு வைத்திருந்த எக்ஸ்ரே ஸ்கேனரில் வைத்து, மடிப்புகளைக் கணினியில் விரித்து. ஏதோ அரச ரகசியம் இல்லை. 31 ஜூலை 1697-ல் ஒருவர் தன் உறவினருக்கு, இன்னாருடைய இறப்புச் சான்றிதழ் நகல் வேண்டும் என்று எழுதியது. நம் ஊரிலும் பாதிக் கடிதம் சான்றிதழ் கேட்டுத்தானே.

கப்பலிலும் உண்டு. 'கெய்ர்சோப்பா' என்ற கப்பல் 1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து கிளம்பி, 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்கு அருகே மூழ்கடிக்கப்பட்டது. அதிலிருந்த வெள்ளிக்காகத் தேடியவர்கள் எழுநூறுக்கும் மேற்பட்ட கடிதங்களையும் எடுத்தார்கள். லண்டன் தபால் அருங்காட்சியகத்தில் 2018-ல் காட்சிக்கு வைத்தார்கள்.

முலுண்டு_மாமி

நம்ம பம்பாயிலேர்ந்து கிளம்பின ஏர் இந்தியா விமானம் 24 ஜனவரி 1966-ல மோன் பிளாங் மலையில விழுந்துதே, அணு விஞ்ஞானி ஹோமி பாபா இறந்துபோனாரே, அந்த விமானத்துத் தபால் பை 2012-ல பனியிலேர்ந்து வெளிய வந்தது. வெளியுறவுத் துறைப் பை. எல்லாரும் என்னமோ ரகசியம்னு ஆவலாப் பார்த்தா உள்ள பழைய நியூஸ்பேப்பரும் காலண்டரும்!

சங்கர், அந்தக் கல்யாணப் பத்திரிகையில முகூர்த்தம் எப்போன்னு தெரியறதா? அச்சடிச்சதைத் திறந்தபடியே அனுப்பற புக் போஸ்ட்டுன்னா ஒட்டியிருக்க மாட்டாளே.

சயான்_சங்கர்

ஆமாம் மாமி, ஒட்டவில்லை. வைகாசி மாதம், 1974. மாப்பிள்ளை பெண் இருவருக்கும் இப்போது எழுபதைத் தாண்டியிருக்கும்.

டோம்பிவிலி_ராஜா

மொய் பாக்கி!

கோர்ட்டு_கோபு

தாமதமாக வருகிறேன், ஆனால் பிரிக்கலாமா என்ற கேள்விக்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

பிரிக்கக் கூடாது. அலமாரியை உங்களிடம் கொடுத்தவர் கட்டட உரிமையாளர். அவருக்கு மரத்தின் மேல் உரிமை இருக்கலாம், அதற்குள் கிடக்கிற தபாலின் மேல் கிடையாது. பட்டுவாடா ஆகாதவரை அது தபால் துறையின் பொறுப்பில் இருக்கிற பொருள்.

இந்தக் கடிதங்கள் கிளம்பிய காலத்தில் இருந்தது 1898-ம் வருஷத்து அஞ்சலகச் சட்டம். இப்போது 2023-ம் வருஷத்துச் சட்டம், 18 ஜூன் 2024 முதல் அமலில். பழைய சட்டப்படி, பெறுபவரும் கிடைக்காமல் அனுப்பியவரும் தெரியாமல் போன கடிதத்தைப் பிரிக்கிற அதிகாரம் அதற்கென்று இருந்த அலுவலகத்துக்கு மட்டும். டெட் லெட்டர் ஆபீஸ் என்பார்கள், பிறகு ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீஸ். உள்ளே அனுப்பியவர் முகவரி இருந்தால் அவருக்குத் திருப்புவார்கள். பணமோ பொருளோ இருந்தால் ஒரு வருஷம் வைத்திருந்து பிறகு கணக்கில் சேர்ப்பார்கள், விற்பார்கள். வெறும் கடிதமும் கார்டும் என்றால் அழித்துவிட வேண்டும் என்றே சட்டத்தில் இருந்தது.

யாராவது நஷ்ட ஈடு கேட்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். அந்தப் பழைய சட்டத்தின் 6-வது பிரிவுப்படி தொலைந்ததற்கும் தாமதத்துக்கும் அரசு பொறுப்பில்லை, தானாக வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது தவிர. ஊழியரும் பொறுப்பில்லை, மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்திருந்தால் ஒழிய.

சட்டக் கல்லூரி நாளிலிருந்தே எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஒப்பந்தச் சட்டம் 4-வது பிரிவு. உங்கள் கொத்தில் ஒரு வியாபாரி இன்னொருவருக்கு 'உங்கள் விலைக்குச் சம்மதம்' என்று எழுதிய கடிதம் இருக்கிறதென்று வையுங்கள். அது போய்ச் சேரவே இல்லை. ஆனாலும் தபால் பெட்டியில் போட்ட அன்றே விலை சொன்னவர் கட்டுப்பட்டுவிட்டார், அவருக்கே தெரியாமல். மாறாக, 'இந்த விலைக்குத் தருகிறேன், வேண்டுமா' என்று கேட்ட கடிதம் அலமாரிக்குப் பின்னால் விழுந்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். முன்வைக்கிற கடிதம் கைக்குப் போய்ச் சேர வேண்டும், சம்மதக் கடிதம் கையை விட்டுப் போனால் போதும். ஒடிசாவில் வேலைக்கு வந்த ஆர்டர் தொலைந்த பையன்களின் கதி இதில்தான் இருக்கிறது.

ஆர்எம்எஸ்_தாத்தா

கோபு சார் சொன்னதில் எங்கள் ஆட்கள் தினமும் பார்த்த ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒழுங்கு முறைப்படி போய், போஸ்ட்மேன் மூன்று நடை நடந்து, 'இந்த முகவரியில் இல்லை' என்று எழுதி, அனுப்பியவரும் கிடைக்காமல், ரிட்டர்ன் ஆபீஸ் வரை போன கடிதம் எல்லாம் அழிந்தது. ஒருத்தருக்கும் தெரியாமல் பலகைக்குப் பின்னால் விழுந்தது மட்டும் ஐம்பது வருஷம் பிழைத்துக் கிடக்கிறது. பழைய தபால் ஆபீஸ்களில் கிடைக்கிறதெல்லாம் இப்படி முறைக்குள் வராததுதான். அதனால் இதைக் கண்டெடுத்தவுடன் 'தபால் இலாகா இப்படித்தான்' என்று தீர்ப்பு எழுதாதீர்கள். இலாகா இப்படியே இருந்திருந்தால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு கை அளவா?

சங்கர் தம்பி, தமிழ் உறைகளைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்து முத்திரை போட்ட ஊர். பின்பக்கத்து முத்திரை வந்து சேர்ந்த ஆபீஸ்.

சயான்_சங்கர்

ஐயா, அந்த மளிகைக் கடை உறைக்குப் பின்னால் வட்ட முத்திரை இருக்கிறது. மாதம் மை கலைந்துவிட்டது. வருஷம் 72 என்று நன்றாகத் தெரிகிறது. முன்பக்கம் பித்தன் சார் சொன்ன 5 பைசாத் தலை இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வட்டத்துக்குள் ஆங்கில 'டி' எழுத்து, பக்கத்தில் பென்சிலில் 10.

தபால்தலைப்_பித்தன்

ஆஹா. வரித் தலை ஒட்டவில்லை!

ஆர்எம்எஸ்_தாத்தா

அதேதான். அந்த 'டி' கூலி பாக்கிக்கான குறி. தபால் கூலி குறைந்தால் குறைந்ததற்கு இருமடங்கு பெறுபவரிடம் வாங்க வேண்டும், அதுதான் அப்போது விதி. 5 பைசா குறை, 10 பைசா வசூல். இதைக் கடையில் வீசிவிட்டு வர முடியாது, ஆளைப் பார்த்துக் காசு வாங்க வேண்டும். செல்வி சொன்ன மாதிரி கடை பூட்டியிருந்திருக்கும், அல்லது கடைக்காரர் 'அவன் வரட்டும், நான் ஏன் 10 பைசா கொடுக்க' என்றிருப்பார். போஸ்ட்மேன் திரும்பக் கொண்டுவந்து 'டெபாசிட்' கட்டத்தில் வைத்திருப்பார், நாளை பார்க்கலாம் என்று. அந்தக் கட்டம்தான் எப்போதும் பிதுங்கும். இது என் ஊகம்தான், ஆனால் பந்தயம் கட்டுவேன்.

தொண்ணூறடி_செல்வி

72-ல் 10 பைசா எங்கள் சந்தில் யோசிக்க வேண்டிய காசுதான். ஊரில் போட்டவருக்கு வரி விஷயம் தெரிந்தே இருக்காது. யாரோ படிக்கத் தெரிந்த பையனிடம் சொல்லி எழுத வைத்து, எப்போதும் ஒட்டுகிற தலையை ஒட்டி அனுப்பியிருப்பார்கள்.

சங்கர் அண்ணே, இதை மட்டுமாவது சேர்த்துவிட முடியுமா? கடை பெயரை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஆள் பெயர் வேண்டாம், கடை பெயர் போதும். அப்பாவிடம் கேட்கிறேன். அந்தக் காலத்துக் கடைகள் யார் யார் கைக்குப் போனது என்று அவருக்கு மனப்பாடம்.

முலுண்டு_மாமி

கிடைச்சாலும் அந்தக் குடும்பத்துக்கு இது வேணுமான்னு முதல்ல கேளுங்கோ. வேண்டாம்னு சொல்றதுக்கும் அவாளுக்கு உரிமை உண்டு.

ஆர்எம்எஸ்_தாத்தா

மாமி சொல்வது எங்கள் விதியிலேயே உண்டு. வாங்க மறுக்கலாம். 'மறுத்துவிட்டார்' என்று எழுதி அனுப்பியவருக்குத் திருப்பிவிடுவோம்.

தம்பி, செய்ய வேண்டியது இதுதான். இடம் மாறிய அந்த ஆபீஸின் போஸ்ட்மாஸ்டரிடம் நேரில் போங்கள். கவுண்டரில் நீட்டாதீர்கள், கூட்டத்தில் எங்காவது வைத்துவிடுவார்கள். எத்தனை கார்டு, எத்தனை இன்லேண்ட், எத்தனை உறை என்று இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போய், ஒன்றில் கையெழுத்தும் ஆபீஸ் முத்திரையும் வாங்குங்கள். எங்கே, எப்படிக் கிடைத்தது என்று ஒரு பாரா. ஆசாரி பெயரும் சேருங்கள், கண்டெடுத்தது அவர்.

சயான்_சங்கர்

போய்விட்டு வந்தேன்.

போஸ்ட்மாஸ்டர் ஒரு மராத்தி அம்மா. முதலில் 'இதெல்லாம் எங்கள் காலத்தது இல்லை' என்றார். உட்காரச் சொல்லி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்த பிறகு சுவாரஸ்யம் வந்துவிட்டது. பின்னால் இருந்த இரண்டு போஸ்ட்மேன்களைக் கூப்பிட்டார். அதில் மூத்தவர் ஒரு குஜராத்திக் கார்டைப் பார்த்ததும், இந்தக் குடும்பம் இன்னும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது, மூன்றாவது மாடி என்றார். கல்யாணப் பத்திரிகை வந்த சால் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் பழைய கட்டடம்) இடிந்து இப்போது இருபது மாடி டவர் ஆகிவிட்டதாம். மேலதிகாரிக்கு எழுதிக் கேட்டுவிட்டு, ஆள் தெரிகிறவற்றை ஒரு விளக்கக் குறிப்போடு அனுப்புவோம் என்றார். மற்றவை மேலே போகும். தாத்தா சொன்ன மாதிரி கையெழுத்து, முத்திரை எல்லாம் வாங்கிவிட்டேன்.

செல்வி, உங்கள் அப்பா சொன்ன தகவலையும் கொடுத்தேன். கடைக்காரரின் மகன் இப்போது செம்பூரில் இருக்கிறார் என்றதைக் குறித்துக்கொண்டார்.

தபால்தலைப்_பித்தன்

பட்டுவாடா ஆகும் உறைகளில் இன்றைய தேதி முத்திரையும் குத்துவார்களா? கேட்டீர்களா? பின்பக்கம் 72, அதற்குப் பக்கத்தில் இந்த வருஷம்... நினைக்கவே கை நடுங்குகிறது. குடும்பத்தார் உறை மட்டும் வேண்டாம் என்றால்...

தொண்ணூறடி_செல்வி

பித்தன் சார்!

சயான்_சங்கர்

கேட்டேன் சார். குத்தித்தான் பீட்டுக்குக் கொடுப்பார்களாம்.

ஆர்எம்எஸ்_தாத்தா

எல்லாம் சரி. அந்த 10 பைசாவை வசூல் பண்ணினால் மட்டும் எனக்குச் சொல்லுங்கள், நான் நேரில் வந்து சண்டை போடுகிறேன்.